ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி: காகிதம், சேஸிஸ், முன் அச்சு, அதற்குப் பிறகுதான் டயர்

கேள்வி இதுதான்: ராணுவத்தில் ஓடி, ஏலத்தில் கழிக்கப்பட்ட 2003 மாடல் மாருதி ஜிப்ஸி ஒன்று வியாபாரி ஒருவரிடம் நிற்கிறது. "ஆர்.சி. நான் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா? வாங்கினால், ஸ்பிரிங் கட்டை அச்சுக்கு மேலே ஏற்றி 31 அங்குல டயர் போடலாமா?

வாங்கலாம், ஆனால் ஆர்.சி. உங்கள் கையில் இருந்தால் மட்டும். டயர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். இந்த வண்டியில் எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு, கதவு, கூரை எல்லாம் காயலான் கடையிலாவது கிடைத்துவிடும். கிடைக்காதவை இரண்டுதான். ஒன்று காகிதம், இன்னொன்று துருப்பிடிக்காத சேஸிஸ். பேரம் பேச வேண்டியதும் இந்த இரண்டின் பேரில்தான்.

முதலில் காகிதம். ராணுவ வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு இருந்ததில்லை. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட எண் பாதுகாப்புத் துறையின் சொந்தப் பதிவு. ஏலம் போனதும் அது செல்லாது. ஏலம் எடுத்தவர் பெயரில் ராணுவம் தரும் விற்பனைச் சான்று, மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவம் 21. அதை இணைத்துப் படிவம் 20-ல் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்திலேயே "புதிய வண்டி", "முன்னாள் ராணுவ வண்டி", "இறக்குமதி வண்டி" என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். ஆகவே வழி சட்டப்படி இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் வரும். ஏலம் எடுத்தவர் ஒருவர், அவரிடம் வாங்கியவர் இன்னொருவர், அவரிடம் வாங்கியவர்தான் உங்கள் வியாபாரி. இடையில் பதிவே நடந்திருக்காது. படிவம் 21-ல் உள்ள பெயருக்கு முதலில் பதிவாகி, அங்கிருந்து படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு மாற வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் அங்கிருந்து தடையில்லாச் சான்றும் (படிவம் 28), இங்கே சாலை வரியும் சேரும்.

ஏல அறிக்கையின் நகலைக் கட்டாயம் கேளுங்கள். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் இணைய ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் நிபந்தனை எழுதியிருப்பார்கள். "கழிவு", "உடைப்பதற்கு மட்டும்" என்றோ, பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்கு மட்டும் என்றோ போன லாட்டில் வந்த வண்டிக்கு எந்த ஊரிலும் நியாயமான ஆர்.சி. கிடைக்காது. அப்படிப்பட்ட சேஸிஸில் வேறொரு செத்த ஜிப்ஸியின் எண்ணைக் குத்தி விற்பதும் நடக்கிறது. சேஸிஸில் எண் குத்திய இடத்தில் பெயிண்டைத் தின்னர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த பளபளப்போ, வெல்டிங் நிரப்பிய மேடோ தெரிந்தால் அங்கேயே கைகுலுக்கி விடைபெறுங்கள்.

வண்டி 20 ஆண்டைத் தாண்டிவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள். 15 ஆண்டுக்குப் பின் ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கலாம். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கினார்கள். டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு இருக்கும் கெடுபிடி தனிக் கதை. "விண்டேஜ்" பதிவு எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கு. ஜிப்ஸி சந்தைக்கு வந்ததே 1985 டிசம்பரில்தான்.

இன்னொன்று, பலர் மறப்பது: நிறம். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டுமே உரியது. ஆசைப்பட்டு அதே பச்சையில் வைத்துக்கொள்ள முடியாது, பதிவுக்கு முன்பே மாற்றியாக வேண்டும். ஏற்கெனவே பளிச்சென்று வெள்ளையோ கறுப்போ அடித்து நிற்கும் டிஸ்போசல் வண்டியைவிட, மங்கிய பச்சையிலேயே நிற்கும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். புதுப் பெயிண்டுக்கு அடியில் எத்தனை கிலோ பட்டி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய பச்சை எதையும் மறைக்காது.

அடுத்தது சேஸிஸ். ஜிப்ஸியின் சேஸிஸ் பெட்டி வடிவக் குழாய். சேறு உள்ளே போகும், வடிகால் துளைகள் அடைத்துக்கொள்ளும், துரு உள்ளிருந்து வெளியே தின்னும். அதனால் வெளியே வழவழப்பாக இருப்பதை நம்பக் கூடாது. சின்னச் சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு "டிங்" என்னும், உளுத்தது "தப்" என்னும். பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், பின் ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைத்து ஆடும் கை) மாட்டும் கொக்கி, பாடி உட்காரும் கைகள் ஆகிய மூன்றிலும் நின்று நிதானமாகத் தட்டுங்கள். பாடியில் மிதிக்கட்டைகளுக்குக் கீழே உள்ள தரை, பின் சக்கர வளைவின் உள்பக்கம், கண்ணாடிச் சட்டத்தின் அடிமூலைகள் ஆகியவை துருவின் சொந்த வீடு. ரப்பர் மிதியடியைத் தூக்காமல் பார்த்தால் பார்த்ததாகவே ஆகாது. வயர்லெஸ் பொருத்தியிருந்த வண்டிகளில் பாடியில் கூடுதல் துளைகளும் வெட்டி விட்ட வயர்களும் இருக்கும். அவை பெரிய குறையில்லை, விலை குறைக்கக் காரணம் மட்டும்.

பாடித் தரையில் ஓட்டை இருந்தால் டிங்கரிங் செய்யலாம். சேஸிஸில் உள்ளங்கை அளவுக்குள் ஒரு இடம் மட்டும் போயிருந்தால் ஒட்டலாம், அதுவும் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, 3 மி.மீ. தகட்டை முனைகள் சாய்வாக வெட்டி, சுற்றிலும் வெல்டு செய்ய வேண்டும். நேர்குத்தாக, சேஸிஸின் குறுக்கே ஒரே கோடாக வெல்டு போட்டால் அந்தக் கோட்டுக்கு ஒட்டியே ஒரு நாள் விரிசல் விடும். துருவின் மேலேயே தகட்டை வைத்து மூடுவது சீழ் பிடித்த புண்ணுக்குப் பிளாஸ்திரி போடுவது போல. வெல்டு செய்யும்போது பேட்டரி இரண்டு முனையையும் கழற்றுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் உருவிவிடுங்கள்.

எந்த எஞ்சின் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முதலில் வந்த எம்.ஜி.410-ல் 970 சி.சி., 45 குதிரைத்திறன். 1996-ல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1,298 சி.சி. கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். 2000-த்தில் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ., 80 குதிரைத்திறன். மாடல் ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் பானட்டைத் திறந்து பாருங்கள். எல்லாமே எளிய எஞ்சின்கள்தான். ஏலத்துக்கு வந்த வண்டி பெரும்பாலும் ஓடாது. யார்டில் நின்ற நாட்களில் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக இறக்கைகட்டிப் பறந்திருக்கும். 1.3 எஞ்சினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம், சதுர செ.மீ.க்கு) 14 கிலோ அருகே வர வேண்டும். 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ எஞ்சின் திறக்கும் செலவைச் சேர்த்துப் பேரம் பேசுங்கள். எஞ்சினைக் கிளப்பும் முன் 40 லிட்டர் டேங்கைக் கீழே இறக்கிப் பாருங்கள். அடியில் துருப்பொடியும் அரக்காகிப் போன பெட்ரோலும் இருக்கும். அதோடு கிளப்பினால் டேங்குக்குள் இருக்கும் எம்.பி.எஃப்.ஐ. பம்ப் ஒரே வாரத்தில் போய்விடும். டைமிங் பெல்ட்டை, தேதி தெரியாவிட்டால் கேள்வியே இல்லாமல் மாற்றுங்கள். அப்போதே கிராங்க் புல்லியின் சாவிப் பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கள். போல்ட் தளர்ந்து ஓடியிருந்தால் பள்ளம் அகன்றிருக்கும், டைமிங் நிற்காது.

ஆயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது நல்லது. கியர் பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) 0.8, முன் டிஃபரன்ஷியலுக்கு 2, பின்னுக்கு 1.5. வடிக்கும் முன் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு ஊற்றும் வாய் திறக்காமல் தவிக்கும் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. வடிந்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அச்சின் காற்றுக்குழாய் அடைத்துப்போய், சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது சீல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குழாயை ரப்பர் டியூப் போட்டு பானட் உயரத்துக்கு ஏற்றுங்கள். மொத்த மாடிஃபிகேஷனில் செலவு மிகக் குறைந்ததும், பலன் அதிகமானதும் இதுதான்.

இப்போது முன் அச்சு. ஜிப்ஸி வாங்கியவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்வி: "50-60 கிலோமீட்டரில் ஸ்டியரிங் பேய் பிடித்தமாதிரி ஆடுகிறதே, ஏன்?" அலைன்மென்ட் கடையில் வீல் பேலன்ஸ் செய்வார்கள், ஸ்டியரிங் டேம்பர் மாற்றச் சொல்வார்கள். டேம்பர் மாற்றினால் ஒரு மாதம் அடங்கும். நோய் அங்கே இல்லை, பெரும்பாலும் கிங்பின் பேரிங்கில் இருக்கும்.

முன் அச்சுக் குழாயின் முனையில் ஒரு உருண்டை உண்டு. அதைக் கவ்வியபடி திரும்புவது நக்கிள். மேலே ஒரு கிங்பின், கீழே ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சின்ன டேப்பர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு பேரிங். நேர்ச்சாலையில் இவை ஒரே இடத்தில் நின்று அடிவாங்கும், முழுச்சுற்று சுற்றுவதில்லை. அதனால் உருளைகள் கிண்ணத்தில் கோடு கோடாகப் பள்ளம் பதித்துவிடும்.

சோதிப்பது எளிது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். "டக் டக்" என்று ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின். அடுத்து, உருண்டையின் மேல் வழிந்திருப்பதை இரு விரலால் தேயுங்கள். கெட்டியான கிரீஸாக இருந்தால் நல்லது. விரலில் நீர்த்து ஓடி, கியர் ஆயில் வாடை அடித்தால் அச்சுக்குள் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது. டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து, திரும்பும் ஜாயிண்ட்டின் கிரீஸைக் கழுவி, கடைசியில் பிரேக் பேடில் வந்து நிற்கும்.

வேலை ஒரு பக்கத்துக்கு அரை நாள். ஹப், டிஸ்க், ஸ்பிண்டில் கழற்றி, ஆக்ஸில் ஷாஃப்டை ஜாயிண்ட்டோடு உருவுங்கள். டை ராட் எண்டை விடுவித்து, உருண்டைக்குப் பின்னால் சீலைப் பிடித்திருக்கும் தகட்டைக் கழற்றுங்கள். கிங்பின்களை எடுக்கும் முன் மேல், கீழ் என்று சென்டர் பஞ்சால் குறி வையுங்கள். அடியில் இருக்கும் ஷிம்கள் (மெல்லிய இடைத்தகடுகள்) எந்தக் கிங்பின்னோடு வந்தனவோ அதோடேயே கட்டி வையுங்கள். இவற்றைக் கலந்துவிட்டால் பாதி வேலை வீண். பழைய கிண்ணங்களைத் தட்டி எடுத்து, புதிய பேரிங், புதிய உள் சீல் போட்டு, பழைய ஷிம்களோடேயே மாட்டுங்கள். வெளி சீலை மாட்டும் முன், டை ராட் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியைப் போட்டு இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும் இடத்தில் தராசு 1 கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவைத் தாண்டாமலும் காட்ட வேண்டும். லூசாக இருந்தால் ஷிம் ஒன்றைக் குறையுங்கள். இறுக்கமாக இருந்தால் கூட்டுங்கள். மீன்காரர் தொங்கவிடும் தராசே போதும், கையால் "சரியாத்தான் இருக்கு" என்று பார்ப்பது போதாது. முடித்ததும் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கி நெருங்கும் அளவு) 2 முதல் 6 மி.மீ. வைத்து, டை ராட் எண்டுகளையும் ஸ்பிரிங் புஷ்களையும் பாருங்கள். அதன் பிறகும் ஆடினால்தான் டயரைக் குறை சொல்லலாம்.

பிரேக்கில் பேச்சே வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் சீல், பின் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாமே புதியது. துருவேறிய சிலிண்டருக்குள் புது சீல் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியதல்ல. தனியாக மூன்று ரப்பர்களில் தொங்கும். ரப்பர் கிழிந்தால் கிளட்ச் விடும்போது இடியும், லோ கியர் தானாக விலகும். பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள். முதலில் ரப்பரை மாற்றுங்கள், இடையில் இருக்கும் குட்டை ஷாஃப்டின் கிராஸ்களையும் (கோணத்திலும் சுழல விடும் இணைப்புகள்) பாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட மாடிஃபிகேஷன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். முன்னால் இரும்பு புல் பார் போடுவது கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. டீசல் எஞ்சின் ஏற்றுவதும் இதே கணக்கில் சேரும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும்வரை விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரருக்குக் கைகழுவ அது ஒன்றே போதும். அதோடு, கனமான டீசல் எஞ்சின் முன் ஸ்பிரிங்கையும், இப்போதுதான் பார்த்த கிங்பின் பேரிங்கையும் சீக்கிரம் தின்னும்.

ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றினால் ஏறக்குறைய 5 அங்குலம் உயரும். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து நக்கிளுக்குப் போகும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் அசையும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். அதைச் சரிசெய்ய வளைத்த லிங்க் அல்லது உயர்த்திய நக்கிள் கை வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் எட்டாது, கிராஸ் கோணம் தாங்காது, பிரேக் ஹோஸ் இழுபடும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கைநீளம் கூடுவதால், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அச்சே முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை "எஸ்" போல வளைக்கும். 985 கிலோ எடையுள்ள, குறுகிய, உயரமான வண்டி ஏற்கெனவே வளைவில் பயமுறுத்தும். அதை இன்னும் 5 அங்குலம் தூக்கிக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிப் பார்க்க வேண்டாம். நீளமான ஷேக்கிள் மலிவு வழி. 50 மி.மீ. நீட்டினால் 25 மி.மீ.தான் உயரும். முன்பக்கம் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருப்பதால், நீட்ட நீட்டக் காஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்து வண்டி நேராக நிற்காது. பழைய ஆட்டம் திரும்பி வரும்.

அதற்குப் பதிலாக, ஸ்பிரிங் கட்டைக் கழற்றி ஒவ்வொரு பிளேட்டாகத் துருவைச் சுரண்டி, முனைகளில் உராயும் இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, கிராஃபைட் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட், புது புஷ்ஷோடு மாட்டுங்கள். பிளேட்டுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால்தான் "ஜிப்ஸி முதுகை உடைக்கும்" என்ற பெயரில் பாதி வந்தது. ஷேக்கிள் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் புதுப் புஷ் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும்.

டயரில், கம்பெனி அளவான 205/70 ஆர்15-ன் விட்டம் 668 மி.மீ. நீங்கள் கேட்கும் 31 அங்குலம் 787 மி.மீ. சக்கர வளைவை வெட்டாமல் உட்காராது. 1.3 எஞ்சின் ஐந்தாவது கியரை மறந்துவிடும். பலர் போடும் 235/75 ஆர்15 சுமார் 734 மி.மீ. ஸ்பீடோ 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். அதற்கு 6 அங்குல ரிம் வேண்டும், கம்பெனி ரிம் ஐந்தரைதான். லோ கியரின் பலமும் சுமார் ஒன்பது சதவீதம் குறையும். அதை ஈடுகட்ட, லோவில் 2.268-க்குப் பதில் 4.16 விகிதம் தரும் பல்சக்கரத் தொகுப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். ஆகவே என் தேர்வு 215/75 ஆர்15, ஆல் டெரைன். விட்டம் 703 மி.மீ., தரையிடைவெளி 18 மி.மீ. கூடும், அதே ரிம்மில் உட்காரும்.

காட்டுப் பாதையில் காற்றை 16-18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். இவ்வளவு எடை குறைந்த வண்டிக்கு அது 5 அங்குல உயரத்தைவிட அதிகம் உதவும். திரும்பும்போது நிரப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் போதும். காய்ந்த தார்ச்சாலையில் நாலு சக்கர இழுவையைப் போடாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது, ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு லிவர் வெளியே வராது. அப்படி மாட்டிக்கொண்டால், சில அடி பின்னால் எடுத்தால் விடுபடும். ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவுவது) இருக்கும் வண்டியில் மாதம் ஒருமுறையாவது ஹப்பைப் பூட்டி, மண்ணில் அரைக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஓட்டாமலே விட்டால் முன் ஜாயிண்ட்டும் சீலும் காய்ந்துவிடும்.

வியாபாரியிடம் முன்பணம் கொடுப்பதாக இருந்தால், படிவம் 21, ஏல லாட்டின் நிபந்தனைப் பக்கம், சேஸிஸ் எண்ணின் பென்சில் தேய்ப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் "இதைப் பதிவீர்களா?" என்று கேட்டுவிட்டு வந்து கொடுங்கள். மீதிப் பணம் ஆர்.சி.யில் பெயர் ஏறிய அன்றைக்கு.